‘வலிக்கவே வலிக்காது’ என்று மட்டும் சொல்லாதீர்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறோம். மகளுக்கு ஐந்தரை வயது, முதல் வகுப்புக்கு முந்தைய கிரேட் ஆர் போகிறாள். இனிப்பு சாப்பிட்டால் பல் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போன வாரம் பல் டாக்டரிடம் காட்டினோம். கீழே இடப்பக்கக் கடைவாய்ப் பல்லிலும் மேலே வலப்பக்கத்தில் ஒன்றிலும் சொத்தை இருக்கிறது, அடைக்க வேண்டும் என்றார். கீழ்ப் பல்லுக்கு அடுத்த வியாழக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறார். பால் பல்தானே, தானாக விழுந்துவிடும், பிள்ளையை ஏன் படுத்துகிறீர்கள் என்கிறார் மாமியார். சமர்த்தாக இருந்தால் பெரிய சாக்லேட் பெட்டி வாங்கித் தருவதாக மாமனார் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். என் கணவருக்கோ பல் டாக்டர் என்றாலே வியர்த்துவிடும். இந்த வருடத் தைப்பூசக் காவடியில் அலகு குத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள், “டாக்டரும் அப்படிக் குத்துவாரா?” என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியாமல் பேச்சை மாற்றிவிட்டேன். ஒன்றும் சொல்லாமலே அழைத்துப் போய்விடலாமா? சொல்வதென்றால் எப்போது, என்ன சொல்வது? நான் உள்ளே இருக்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

சொல்லாமல் அழைத்துப் போகாதீர்கள். நீங்கள் கேட்டிருப்பவற்றில் இது ஒன்றில் எனக்கு மறுயோசனையே கிடையாது. “ஐஸ்கிரீம் வாங்கப் போகலாம் வா” என்று காரில் ஏற்றி, நேரே என் அறைக்குக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கதவு திறந்து நாற்காலியைக் கண்டவுடன் அவர்கள் என்னைப் பார்ப்பதில்லை, அம்மாவைத்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு எப்படியோ அந்தப் பல்லை அடைத்து அனுப்பிவிடலாம். அடுத்த முறை உண்மையிலேயே ஐஸ்கிரீம் வாங்கப் போனாலும் அந்தப் பிள்ளை காரில் ஏறாது.

மாமியாரின் பேச்சில் பாதி சரி. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்கும். அவற்றைச் செருப்புக்குள் வைத்துவிட்டுத் தூங்கினால் எலி எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும் என்று இந்த நாட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சொத்தை விழுந்திருப்பது கடைவாய்ப் பல்லில். பால் பற்களில் கடைவாய்ப் பற்கள் விழுவதற்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஆகும். அதாவது இன்னும் மூன்றரை ஆண்டுகளாவது அவள் அந்தப் பல்லால்தான் மென்றாக வேண்டும். பால் பல்லின் வெளி உறையான எனாமல் மெல்லியது. உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் பற்கூழ், பல்லின் அளவோடு ஒப்பிட்டால், பெரியவர்களின் பல்லில் இருப்பதைவிடப் பெரிதாகவும் மேற்பரப்புக்கு நெருக்கமாகவும் இருக்கும். அதனால்தான் இன்று கூசுகிற பல் சில மாதங்களிலேயே இராத்தூக்கத்தைக் கெடுக்கிற பல்லாகிவிடுகிறது. அதற்குப் பயந்து பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்து, கீழேயிருந்து வரவேண்டிய நிலைப் பல்லுக்கு வழியில்லாமல் போகும். மாமியாரிடம் இதை வாதமாகச் சொல்லாமல், பேத்தி பத்து, பன்னிரண்டு வயது வரை இந்தப் பல்லால்தான் முறுக்கு கடிப்பாள் என்று சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆறு வயதையொட்டி, எந்தப் பல்லும் விழாமலே, வரிசையின் கடைசியில் நான்கு புதிய கடைவாய்ப் பற்கள் முளைக்கும். அவை நிலைப் பற்கள், ஆயுளுக்கும் அவைதான். அவற்றையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடும் பெற்றோர் நிறைய. உங்கள் மகளுக்கு அது முளைக்கப்போகும் வயது இது.

சரி, எப்போது சொல்வது? ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் என்பது மிக நீண்ட காலம். இன்றே சொன்னால் ஏழு இரவும் அவள் அதையே நினைத்துக்கொண்டு படுப்பாள். வியாழக்கிழமை காலை போகிறீர்கள் என்றால் புதன்கிழமை சாயங்காலம் போதும். தூங்கப் போகும் நேரத்தில் வேண்டாம், குளித்துச் சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும்போது சொல்லுங்கள். ஆனால் அவள் ஏற்கெனவே கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். கேட்கிற பிள்ளைக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கேட்டதற்கு மட்டும் அப்போதே பதில் சொல்லிவிடுங்கள்.

என்ன சொல்வது என்றால் இவ்வளவுதான்: “நாளைக்குக் காலையில் பல் டாக்டரிடம் போகிறோம். உன் பல்லில் சின்ன ஓட்டை இருக்கிறது, அதனால்தான் இனிப்பு பட்டால் கூசுகிறது. டாக்டர் அந்தப் பல்லைத் தூங்க வைத்து, ஓட்டையைக் கழுவிச் சுத்தம் செய்து மூடிவிடுவார். நான் உன் பக்கத்திலேயே இருப்பேன்.” இதற்கு மேல் அவளாகக் கேட்டால் ஒழிய நீட்ட வேண்டாம். பெரியவர்கள் தங்கள் பயத்தைத் தணித்துக்கொள்ளத்தான் மூன்று முறை, நான்கு முறை விளக்குகிறார்கள். கேட்கிற பிள்ளையோ, அம்மா இத்தனை முறை சொல்கிறாளே, ஏதோ பெரிய விஷயம்தான் என்று சரியாகக் கணக்குப் போட்டுவிடும்.

“வலிக்கவே வலிக்காது” என்ற வாக்கியம் உங்கள் வீட்டில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது. அதுவரை வலியைப் பற்றி நினைக்காத பிள்ளைக்கு அதை நினைவூட்டுவது அதுதான். மேலும், துளி சுருக்கென்றாலும் சொன்னவர் பொய்யராகிவிடுவார். “கொஞ்சம் கூசலாம், கொஞ்சம் அழுத்தலாம், சத்தம் கேட்கும், தண்ணீர் தெறிக்கும்” என்பது உண்மை, அதைச் சொல்லுங்கள். “பிடிக்கவில்லையென்றால் இடது கையைத் தூக்கு, டாக்டர் நிறுத்துவார்” என்றும் சொல்லலாம். ஆனால் அதற்கு முன் மருத்துவமனைக்கு ஒரு போன் போட்டு, கையைத் தூக்கினால் நிறுத்துவார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தூக்கிய கையை யாரும் கவனிக்கவில்லை என்றால், அந்த ஏற்பாடே இல்லாமல் இருந்திருக்கலாம்.

இப்போது அலகு. எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். எவ்வளவு நியாயமான கேள்வி! அவள் வாழ்க்கையில் கன்னத்தையும் நாக்கையும் கூர்மையான ஒன்று துளைப்பதை அவள் பார்த்தது அந்த ஒரு நாள்தான். டர்பனில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்கும் இது மனதுக்குள் இருக்கும், வாய்விட்டுக் கேட்பவர்கள்தான் குறைவு. பேச்சை மாற்றியதை விடுங்கள், இன்று நீங்களாகவே அதை எடுத்துப் பேசுங்கள். “அன்றைக்கு அலகு பற்றிக் கேட்டாயே. அது விரதம் இருந்து, சாமிக்கு நேர்ந்துகொண்ட பெரியவர்கள் செய்வது. டாக்டர் உன் கன்னத்தில் எதுவும் குத்தமாட்டார். எதுவும் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வராது” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், அவள் பயப்படுவது அதற்குத்தான்.

அடுத்து, “அப்படியென்றால் ஊசியே கிடையாதா?” என்று கேட்பாள். கேட்காவிட்டால் ஊசிப் பேச்சை நீங்கள் எடுக்க வேண்டாம், அதை எந்த நொடியில் எப்படிச் சொல்வது என்று டாக்டருக்குத் தெரியும். கேட்டுவிட்டால் மறைக்காதீர்கள். “பல்லைத் தூங்க வைக்கிற மருந்தைச் சின்ன ஊசியால் வைப்பார். அதற்கு முன்னால் ஈறில் மரத்துப்போகிற பசை தடவுவார். ஒரு கணம் சுருக்கென்று இருக்கலாம், அப்புறம் உதடு தடித்துப்போன மாதிரி இருக்கும்.” இப்படிச் சொல்லப்பட்டு வருகிற பிள்ளை என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது.

நாற்காலியில் நடக்கப்போவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் உங்கள் முகம் அமைதியாக இருக்கும், அதற்காகச் சொல்கிறேன். பிள்ளைகளைக் கவனிக்கும் பல் மருத்துவர்கள் ‘சொல், காட்டு, செய்’ என்ற வரிசையில் வேலை செய்வார்கள். 1959இல் அமெரிக்காவின் ஆடெல்ஸ்டன் என்ற பல் மருத்துவர் எழுதிவைத்தது, இன்றுவரை அதை மிஞ்சிய வழி வரவில்லை. சுழலும் தூரிகையை முதலில் பேச்சில் சொல்லி, பிறகு அவள் விரல் நகத்தின் மேல் ஓடவிட்டுக் காட்டி, அதன் பிறகே வாய்க்குள் கொண்டுபோவார்கள். பழச்சுவையுள்ள பசையை ஈறில் தடவி ஓரிரு நிமிடம் காத்திருப்பார்கள். ஊசி போடும்போது டாக்டர் கன்னத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே, மருந்தை மிக மெதுவாகச் செலுத்துவார். வேகமாகச் செலுத்தினால் வலி கூடும். பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டலாம். நாங்கள் அதைப் பல்லுக்கு மழைக்கோட்டு என்போம். தண்ணீரும் மருந்தும் தொண்டைக்குப் போகாமல் அது தடுக்கும்.

பிறகு துளைக்கும் கருவி. அதில் இரண்டு வகைச் சத்தம் உண்டு. ஒன்று விசில் போலக் கீச்சிடும், கூடவே தண்ணீர் பீய்ச்சும். அதற்குப் பிள்ளைகள் சிரிப்பதும் உண்டு. மற்றது மெதுவாகச் சுழல்வது, கடகடவென்று தாடை எலும்பே அதிரும். வலி இருக்காது, ஆனால் திடுக்கிட்டு அழுவது பெரும்பாலும் இதில்தான். புரிந்த டாக்டர் அதற்கு முன், “இப்போது பல் குலுங்கும்” என்று எச்சரிப்பார். பக்கத்தில் எச்சிலை உறிஞ்சும் குழாய் கரகரத்துக்கொண்டே இருக்கும். ஓட்டை சுத்தமானதும் பல் நிறத்திலேயே உள்ள பசையை வைத்து, ஆரஞ்சு நிறக் கண்ணாடித் தகட்டை மறைத்துப் பிடித்து, நீல விளக்கை இருபது நொடி அளவுக்குக் காட்டி இறுக வைப்பார்கள். கடைசியில் நிறத்தாள் ஒன்றைக் கடிக்கச் சொல்லி, உயரமாக இருக்கும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வார்கள். அரைமணி, முக்கால்மணி நேர வேலை.

எல்லாச் சொத்தைக்கும் இவ்வளவும் தேவைப்படாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவான ஒரு முறையில், துளைக்கும் கருவியே இல்லாமல் கைக்கருவியால் மெல்லச் சுரண்டி, ஃப்ளூரைடு கசியும் சிமென்ட்டால் அடைத்துவிடுவார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களுக்காகத் தொடங்கியது, பயந்த பிள்ளைகளுக்கும் நன்றாகப் பயன்படுகிறது. ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் பெயரால் வழங்கும் இன்னொரு முறையில் ஊசியும் இல்லை, துளைப்பதும் இல்லை. சொத்தையைக் காற்றுப் புகாமல் எஃகுத் தொப்பியால் மூடி ஒட்டிவிடுவார்கள். பல்லின் பக்கவாட்டிலும் சொத்தை பரவியிருந்தால் பால் பல்லுக்குத் தொப்பிதான் அதிக நாள் நிற்கும். வெள்ளிச் சத்துள்ள திரவம் தடவிச் சொத்தையை நிறுத்திவைக்கவும் முடியும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். உங்கள் மகளின் பல்லுக்கு எது பொருந்தும் என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான் சொல்ல முடியும், நீங்கள் கேட்கலாம். பாதரசம் கலந்த பழைய வெள்ளி அடைப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பால் பற்களுக்கும் பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் அதைத் தவிர்ப்பதென்று, பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் 2022இல் முடிவு செய்துள்ளன.

நீங்கள் உள்ளே இருங்கள். அவள் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்து, கணுக்காலில் கை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பேசாதீர்கள். டாக்டர் ஒன்று சொல்ல, அம்மா ஒன்று சொல்ல, உதவியாளர் ஒன்று சொல்ல, மூன்று குரல் சேர்ந்தால் பிள்ளை எதையும் கேட்காது. “இதோ முடிந்துவிட்டது, முடிந்துவிட்டது” என்று முடியாதபோது சொல்லுவதும் பொய்தான். கணவர் அன்று வேலைக்குப் போவது நல்லது. கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். வியர்க்கிற கையை ஐந்து வயதுப் பிள்ளை பிடித்தவுடனே கண்டுகொள்ளும். காத்திருக்கும் அறையில் “எனக்கு ஒருதரம் பல் பிடுங்கினபோது...” என்று தொடங்கும் அக்கம்பக்கத்து அத்தைகளிடமிருந்தும் அவளைக் காப்பாற்றுங்கள். எழுந்து போய் ஜன்னலோரம் நின்றால் போதும்.

இந்த வாரம் வீட்டில் விளையாட்டாக ஒன்று செய்யலாம். உங்கள் மடியில் தலை வைத்து மல்லாந்து படுக்கச் சொல்லி, பல் துலக்கும் தூரிகையின் பின்பக்கத்தால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுத் தமிழில் எண்ணுங்கள். பால் பற்கள் மொத்தம் இருபது. பத்து எண்ணும் வரை வாயை மூடாமல் இருந்தால் அவள் வென்றாள். அப்புறம் அவள் டாக்டர், நீங்கள் நோயாளி. மல்லாந்து படுத்து, வாய் திறந்து, இன்னொருவர் கையை உள்ளே விடவிடுவதுதான் பிள்ளைகளுக்குக் கடினம். அது பழகிவிட்டால் மீதி எளிது.

மாமனாரின் சாக்லேட் பெட்டி: பேரம் பெரிதாக ஆக, வரப்போவதும் பெரிதென்று பிள்ளை புரிந்துகொள்ளும். சொத்தைக்குப் பரிசு சாக்லேட் என்பதில் இருக்கும் வேடிக்கையை அவரே உணர்ந்தால் சிரித்துவிடுவார். முடிந்த பிறகு, முன்பு சொல்லாமலிருந்த ஒரு சின்னப் பொம்மையோ, கடற்கரைக்கு ஒரு நடையோ அவர் தரட்டும். அவள் அழுதிருந்தாலும் கொடுக்கட்டும், அழுவது தவறல்ல.

காலை நேரமாக இருப்பது நல்லது, பள்ளி விட்டுக் களைத்து வரும் பிள்ளையிடம் பொறுமை இருக்காது. வழக்கம்போல் காலை உணவு கொடுங்கள், பிறகு சில மணி நேரம் சாப்பிட முடியாது. சிரிப்பு வாயுவோ வேறு மயக்க மருந்தோ தரப்போவதாகச் சொல்லியிருந்தால் மட்டும், சாப்பாட்டைப் பற்றி அவர்கள் சொன்னபடியே நடங்கள். முழு மயக்கத்துக்கு வெறும் வயிறு கட்டாயம்.

அன்று அவள் வாயைத் திறக்கவே மறுத்துவிட்டால், வற்புறுத்திப் பிடித்துவைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பல்லைத் துலக்கிவிட்டு மட்டும் வந்துவிடலாம், இன்னொரு நாள் போகலாம். ஒரே விலக்கு, கன்னத்திலோ ஈறிலோ வீக்கம் வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும், வலியால் இரவில் விழித்தெழுந்தாலும் அந்த வியாழக்கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

முடிந்த பிறகுதான் நான் அதிகம் பயப்படும் நேரம். உதடும் கன்னமும் இரண்டு, மூன்று மணி நேரம் மரத்திருக்கும். பிள்ளைகளுக்கு அது புதுமை. கடித்துப் பார்ப்பார்கள், உறிஞ்சிப் பார்ப்பார்கள், வலி தெரியாது. மாலையில் உதடு புண்ணாகி வீங்கி நிற்கும். அடைத்த பல்லால் வந்ததைவிட இந்த உதட்டுப் புண்ணால் என்னிடம் திரும்பி வந்தவர்கள் அதிகம். உணர்வு வரும் வரை அவள் வாயைப் பார்த்துக்கொண்டே இருங்கள், தூங்க விடாதீர்கள், சூடான தேநீரில் ரஸ்க் தோய்த்துக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு ஆறிய கஞ்சி, தயிர்ச்சாதம் போதும். வலித்தால் பாரசிட்டமால் சிரப், எடைக்கேற்ற அளவைப் புட்டியில் பார்த்துக் கொடுங்கள். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கூடவே கூடாது. கடிக்கும்போது அந்தப் பல் மட்டும் முட்டுவதாகச் சொன்னால் போன் செய்யுங்கள், தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

செலவு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இந்த நாட்டில் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இல்லாத, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அரசு மருத்துவமனைகளில் 1994 முதல் சிகிச்சை இலவசம். ஆனால் அங்கே கூட்டத்தால் பிடுங்குவதுதான் பெரும்பாலும் நடக்கும், அடைப்பார்களா என்று முன்னதாகவே கேளுங்கள். பல் சிகிச்சையாளர் என்ற டென்டல் தெரபிஸ்ட்களும் பால் பல் அடைக்கத் தகுதி பெற்றவர்கள். குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் பயின்று வருபவர்கள் நம் பகுதியில் நிறைய, கட்டணமும் குறைவு.

இனி சொத்தை வராமல் பார்ப்பது. இரவில் கடைசியாக வாயில் படுவது பல் பசையாக இருக்கட்டும், பாலோ மைலோ பானமோ அல்ல. பட்டாணி அளவு பசை, 1000 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு) குறையாத ஃப்ளூரைடு உள்ளது, துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். ஏழு, எட்டு வயது வரை நீங்களேதான் துலக்கிவிட வேண்டும். இனிப்பு எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. நூறு சதவீதப் பழச்சாறு நல்லது என்று பள்ளிப் பையில் வைக்கிறோமே, 2018இல் வந்த சர்க்கரை பானங்களுக்கான வரி அதற்குக் கிடையாது, ஆனால் பல்லுக்கு வேறுபாடு தெரியாது. கரும்புத் தோட்டத்துக்கென்று இந்தியாவிலிருந்து 1860 முதல் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், சர்க்கரையோடு நமக்குள்ள கணக்கு இன்னும் தீரவில்லை.

மேலே வலப்பக்கப் பல்லையும் நீண்ட நாள் தள்ளிப்போடாதீர்கள், முதல் அடைப்பு முடிந்து இரண்டு, மூன்று வாரத்துக்குள் நேரம் வாங்குங்கள். இன்னொன்று இருக்கிறது என்பதை அன்று மாலை, மரப்பு போய், சாப்பிட்டு விளையாடிக்கொண்டிருக்கும்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். நாளையும் கிழமையும் மட்டும் முந்தைய நாள் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.